இரண்டாவது அட்டையில் போன புத்தகம்

போன மாதம் ஷாஹிதா போன் செய்தாள். நான் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்த கிளை நூலகத்தில் இப்போது அவள்தான் நூலகர். முத்துப்பேட்டைப் பெண். தினமும் பேருந்தில் வந்து போகிறாள்.

“மேடம், நமக்கு ரெண்டு கம்ப்யூட்டர் வந்திருக்கு. இன்டர்நெட்டும் குடுத்துட்டாங்க. ஆன்லைன்ல எங்கெங்க என்னென்ன படிக்கலாம்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, ஒட்டிடறேன். அப்புறம், ஒரே மாதிரி படிக்கறவங்களை வேற வேற புத்தகம் படிக்க வைக்கறது எப்படின்னு ஒரு கட்டுரை. உங்க அனுபவத்துலேருந்து.”

நான் யாரையும் படிக்க வைத்ததில்லை என்றேன்.

“அதையே எழுதுங்க மேடம்” என்றாள்.

முதல் பக்கத்தை எழுதி அனுப்பிவிட்டேன். கழிவறைக்குப் போகும் வழியில் ஒட்டியிருப்பதாகவும், அதனால் எல்லோர் கண்ணிலும் படுவதாகவும் சொன்னாள். இது இரண்டாவது.

நூலக அறிவியல் சான்றிதழ்ப் படிப்பைத் தஞ்சாவூரில் முடித்தேன். உலகத்தில் உள்ள அறிவையெல்லாம் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாகப் பிரிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். முதல் வேலை வேதாரண்யம் பக்கம் ஓர் ஊர்ப்புற நூலகத்தில். ஒரு மழைக்காலத்தில் காற்று கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நனைந்த புத்தகங்களை உப்பளத்துக்காரர்கள் தங்கள் வரப்பில் விரித்துக் காய வைத்துக் கொடுத்தார்கள். உப்போடு சேர்ந்து காய்ந்ததால் அந்தப் புத்தகங்களைப் பூச்சி அரிக்கவே இல்லை. படிப்பில் இதற்குப் பாடம் கிடையாது.

பிறகு மன்னார்குடி முத்துப்பேட்டை சாலையில் உள்ள எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தேன். ஊரின் பெயரை எழுதவில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

கிளை நூலகத்தில் பதினோராயிரத்துச் சொச்சம் புத்தகங்கள் இருந்தன. அவற்றில் நாற்பது புத்தகங்களை மட்டும் ஊர் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது. அந்த நாற்பதும் அட்டை கிழிந்து, முதுகில் பசை ஒட்டி, ஓரம் எண்ணெய் ஏறிக் கிடந்தன. மற்றவை வாங்கி வந்த அன்று எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. காலையில் பேப்பர் படிக்க முப்பது பேர் வருவார்கள். பதினோரு மணிக்கு மேல் நானும் மின்விசிறியும்தான்.

மின்விசிறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவர் சேதுராமன் சார். வாசகர் வட்டத் தலைவர். நூற்றுச் சொச்சம் ஏக்கர் வைத்திருந்த மிராசுதார் குடும்பம், அவர் காலத்தில் இருபதாகக் குறைந்திருந்தது. விசிறியின் மூன்று இறக்கையிலும் அவர் பெயரைச் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தார்கள். மின்சாரம் போனால்தான் நன்கொடையாளர் யார் என்று தெரியும். எங்கள் ஊரில் அது அடிக்கடி தெரிந்தது.

நான் சேர்ந்த ஆறாவது மாதம் மாவட்ட நூலக அலுவலர் ஆய்வுக்கு வந்தார். அருளானந்தம் சார். குள்ளமான மனிதர். சட்டைப் பையில் ஒரு துண்டுப் பென்சில். காபி, டீ எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டார். தண்ணீர் பாட்டில்கூடச் சொந்தமாகக் கொண்டுவருவார். உட்கார மாட்டார். பதிவேடுகளைக் கேட்பார் என்று எல்லாவற்றையும் மேசையில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் அந்தப் பக்கமே வரவில்லை. நேராக உள்ளே போய், குனிந்து, கடைசித் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினார். பின் அட்டையைத் திறந்து தவணைச் சீட்டைப் பார்த்தார். யார் எப்போது திருப்பித் தர வேண்டும் என்று தேதி குத்தும் தாள் அது. வெள்ளையாக இருந்தது. அடுத்ததை உருவினார். வெள்ளை. இப்படி இருபத்திரண்டு புத்தகம் உருவினார். ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார்.

“இதெல்லாம் யாருக்காக இங்க இருக்கு?” என்றார்.

“வாசகர்களுக்காக சார்.”

“எந்த வாசகர்?”

நான் உறுப்பினர் பதிவேட்டை எடுக்கத் திரும்பினேன்.

“அடுத்த தடவை வரும்போது இந்த இருபத்திரண்டையும் பாப்பேன். நீங்களே முத்திரை குத்தி வச்சா எனக்குத் தெரியும். ஒரே நாள்ல குத்தினா மை ஒரே மாதிரி இருக்கும்.”

நான் அப்படித்தான் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

யோசித்து ஒரு வழி செய்தேன். ஒவ்வோர் உறுப்பினருக்கும் இரண்டு அட்டை உண்டு. ஓர் அட்டைக்கு ஒரு புத்தகம். முதல் அட்டைக்கு அவர்கள் கேட்பதைக் கொடுப்பேன். இரண்டாவது அட்டைக்கு நான் எடுத்துத் தருவதைத்தான் கொண்டுபோக வேண்டும். படிக்காமல் திருப்பித் தந்தாலும் பரவாயில்லை. வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் போதும். இதில் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டேன்: நான் படிக்காத எதையும் இரண்டாவது அட்டையில் கொடுப்பதில்லை.

அடுத்த ஆய்வில் அருளானந்தம் சார், “இது எந்த விதியில இருக்கு?” என்று கேட்டார்.

“எதுலயும் இல்ல சார்.”

“அப்ப எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். அதைப் பையில் வைத்துக்கொண்டு போனார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பல்லி விழுந்தாலும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தபால் ஆபீஸில் ஓய்வுபெற்ற ஒருவர் சோதிடப் புத்தகம் தவிர எதையும் தொட மாட்டார். தரங்கம்பாடிப் பக்கத்து மீன்காரப் பெண்கள் தங்கள் பிழைப்பைச் சொன்ன புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். திருப்பிக் கொண்டுவந்து, “ஒரே மீன் கவிச்சி” என்று மேசையில் வைத்தார். பிறகு, “இதுல ரெண்டாம் பாகம் இருக்கா?” என்றார். ரஸியா என்று ஒரு பெண், கணவர் துபாயில். சமையல் குறிப்புத்தான் வாங்கிப் போவார். பனி நாட்டிலிருந்து மொழிபெயர்த்த நாவல் ஒன்றைக் கொடுத்தேன். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, “எல்லாம் சரி மேடம், அங்க துணி எப்படிக் காயும்னு ஒரு எடத்துலயும் எழுதலையே” என்றார். அந்தத் தட்டில் இருந்த பதினொன்றையும் படித்து முடித்துவிட்டு, துணி காய்வது எட்டாவது புத்தகத்தில் இருந்ததாகச் சொன்னார்.

சேதுராமன் சார் சரித்திர நாவல் மட்டும் படிப்பார். ராஜா வர வேண்டும், குதிரை வர வேண்டும், குதிரை ஆற்றங்கரையில் நிற்க வேண்டும். நிற்கும் ஆறு காவிரியாக இருந்தால் அந்தப் புத்தகத்தை வருடத்துக்கு மூன்று முறை எடுப்பார். இரண்டாவது அட்டையில் நான் தருவதையும் மரியாதைக்காக வாங்கிக்கொண்டு போய், மரியாதையாகத் திருப்பித் தருவார். பிரித்த தடம் இருக்காது.

ஒரு வியாழக்கிழமை மாலை வந்தார். மறுநாள் வெள்ளி, நூலகத்துக்கு விடுமுறை. அம்மா வீட்டுக்குப் போக நான் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அன்று வந்த புதுப் புத்தகக் கட்டு மேசையில் பிரித்துக் கிடந்தது. மேலாக ஒரு மெல்லிய புத்தகம், தொண்ணூற்றாறு பக்கம். நடவு ஆள் ஒருவர், அஞ்சலை என்று பெயர், தன் கதையைச் சொல்ல அவர் மகள் செல்வி எழுதியது. ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. எப்படியும் பிரிக்கப் போவதில்லை என்ற நம்பிக்கையில் அதை எடுத்து முத்திரை குத்திக் கொடுத்தேன். நானும் படிக்கவில்லை.

அவர் அதைப் பிரித்துவிட்டார்.

நான்கு நாள் கழித்து ஒரு மனு வந்தது. எனக்கு ஒரு நகல், மாவட்ட நூலக அலுவலருக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று. இந்த நூல் எங்கள் குடும்பத்தை இழிவுபடுத்துகிறது. நூலகர் இதை வேண்டுமென்றே என் கையில் திணித்தார். நூலை உடனே நீக்கி, நூலகர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். வாசகர் வட்டத் தலைவர் என்ற முத்திரையோடு கையெழுத்து.

அருளானந்தம் சார் மூன்றாம் நாள் வந்தார். சேதுராமன் சாரையும் வரச் சொல்லியிருந்தார். வாசிப்பு அறையில் மூன்று பேர். அருளானந்தம் சார் நின்றுகொண்டிருந்ததால் நாங்களும் நின்றோம்.

முதலில் என்னைக் கேட்டார். “நீங்க படிச்சுட்டுத்தான் குடுத்தீங்களா?”

படித்தேன் என்று சொன்னால் வேண்டுமென்றே திணித்ததாகிவிடும். படிக்கவில்லை என்றால் நான் எழுதிக் கொடுத்த என் விதியை நானே மீறியதாகிவிடும்.

“படிக்கல சார்.”

“எழுதிக் குடுங்க. எழுதிட்டு அங்க உக்காந்து படிங்க.”

எழுதிக் கொடுத்துவிட்டு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படித்தேன். அவர்கள் இரண்டு பேரும் நின்றபடியே இருந்தார்கள். தொண்ணூற்றாறு பக்கத்தையும் படிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் மின்சாரம் போய் விசிறியில் பெயர் தெரிந்தது.

நாற்று முடி சுமப்பது, சேற்றுப் புண், நடவுப் பாட்டு, கூலிக்கு அளந்த நெல், மழையில் விழுந்த சுவர். ஓர் அத்தியாயம் அஞ்சலையின் அப்பாவைப் பற்றி. அஞ்சலை அப்போது தாய் வயிற்றில். அண்ணனுக்கு ஏழு வயது. பெரிய வீட்டு மாட்டை மேய்க்க வேண்டியவனை அப்பா பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். பெரிய வீட்டில் அப்பாவைக் கூப்பிட்டு, புளிய மரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். அண்ணன் மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. அத்தியாயம் அங்கே முடிந்துவிடும். பெரிய வீடு எது, எந்த ஊர் என்று எங்கும் இல்லை.

நான் முடித்ததும் அருளானந்தம் சார் புத்தகத்தை வாங்கிக்கொண்டு சேதுராமன் சாரிடம் திரும்பினார்.

“உங்க குடும்பத்தோட பேரு எந்தப் பக்கத்துல வருது?”

“பேரு வரல. பேரு போட்டாத்தானா? படிச்சா தெரியாதா?”

“எனக்குத் தெரியலையே. நூலகரும் படிச்சாங்க. உங்களுக்குத் தெரிஞ்சுதாம்மா?”

“இல்ல சார்” என்றேன். அது உண்மை.

சேதுராமன் சார் அவர் கையில் இருந்த புத்தகத்தைச் சுட்டிக்காட்டினார்.

“முழுக்கப் பொய் சார் அது. தப்புந் தவறுமா எழுதியிருக்கா.”

“அப்படின்னா பாக்கணும்” என்றார் அருளானந்தம் சார். துண்டுப் பென்சிலை எடுத்து ஒரு தாளில் நாலு கட்டம் போட்டார். “பக்கம். வரி. புத்தகத்துல உள்ளது. சரியானது. பதினஞ்சு நாள் டைம். எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் புத்தகம் பீரோவுல இருக்கட்டும். நீங்க பாத்து எழுத இன்னொரு பிரதி நான் அனுப்பறேன்.”

அந்தப் பதினைந்து நாள் எனக்கு நன்றாகப் போகவில்லை. வாசகர் வட்டத்தில் நான்கு பேர் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு வேதாரண்யத்துக்கே மாற்றல் வரப்போகிறது என்று டீக்கடையில் சொன்னார்களாம். கூரை போட்டுவிட்டார்களா என்று என் கணவர் கேட்டார். நான் சிரிக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வேலை போய்விடுமோ என்று பயம். அதைவிட, படிக்காமல் கொடுத்தேனே என்ற அசிங்கம்.

இதற்கிடையில் பீரோவில் பூட்டிய புத்தகம் எது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. பூட்டிய உடனே எனக்கு, எனக்கு என்று முன்பதிவுக்குப் பெயர் கொடுத்தார்கள். பதினேழு பேர். சோதிடப் புத்தகக்காரர் முதல் ஆள். நூலகம் பக்கமே வராத நடவுப் பெண்கள் மூன்று பேர் வந்து, தங்களில் ஒருத்திக்குப் படிக்கத் தெரியும் என்றும் மூன்று பேருக்கும் அது போதும் என்றும் சொல்லி உறுப்பினர் படிவம் வாங்கிப் போனார்கள்.

பதினைந்தாம் நாள் மறுபடி மூன்று பேரும் வாசிப்பு அறையில். சேதுராமன் சார் ஏழு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். முத்து முத்தான கையெழுத்து. கட்டம் ஸ்கேல் வைத்துப் போட்டது. அருளானந்தம் சார் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்து, புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, பென்சிலால் புள்ளி வைத்தார்.

பக்கம் பதினான்கில் வாய்க்காலின் பெயர் தவறு. பக்கம் இருபதில் அந்த வருடம் போட்ட நெல் ரகம் தவறு. பக்கம் முப்பத்திரண்டில் கோயிலுக்கு ஒரு வாசல் என்று உள்ளது, இரண்டு வாசல். இப்படியே போனது. அவர் முழுப் புத்தகத்தையும் இரண்டு மூன்று தடவை படித்திருக்க வேண்டும். வாசகர் வட்டத்தில் எவரும் ஒரு புத்தகத்தை இவ்வளவு கவனமாகப் படித்து நான் பார்த்ததில்லை.

“பக்கம் நாற்பத்தி ஒண்ணு, வரி ஏழு. புத்தகத்துல உள்ளது: புளிய மரம். சரியானது: பூவரச மரம்.”

அருளானந்தம் சார் புள்ளி வைக்காமல் நிமிர்ந்தார்.

“பூவரசா?”

“ஆமா சார். களத்துல நின்னது பூவரசு. புளிய மரம் ரோட்டோரம். அங்கேருந்து ரொம்ப தூரம்.”

“எப்படித் தெரியும்?”

“நான் இருந்தேனே. பத்தாங்கிளாஸ் படிச்சப்ப, அன்னிக்கு லீவு போட்டு வீட்டுல இருந்தேன். கயித்தை எடுத்துட்டு வான்னாங்க, நான்தான்...”

அவர் சொன்னது அவர் காதிலேயே அப்போதுதான் விழுந்தது போலிருந்தது. முகம் சாம்பலாகிவிட்டது.

அருளானந்தம் சார் குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. “அதையும் எழுதிக் குடுங்க” என்று வெள்ளைத் தாளை நீட்டினார்.

சேதுராமன் சார் தாளை வாங்கவில்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். குடையை மறந்துவிட்டார்.

மனுவின் மேல் அருளானந்தம் சார் எழுதியது இது: ‘நூலில் சில பிழைகள் இருப்பதாக மனுதாரர் குறிப்பிட்டுள்ளார். பட்டியல் நூலாசிரியருக்கு அனுப்பப்படும். நூல் அலமாரிக்குத் திரும்பும். நூலகர் இனிமேல் படித்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.’ கடைசி வரியின் கீழ் கோடு போட்டிருந்தார்.

செல்வியிடமிருந்து நூலக முகவரிக்குக் கடிதம் வந்தது. ‘அம்மா சொல்லி எழுதுகிறேன். எட்டுத் திருத்தங்கள் சரி. வாய்க்கால் பெயரை மாற்றி எழுதிவிட்டேன், தவறு என்னுடையது. மரம் விஷயம், தாத்தா புளிய மரம் என்றுதான் சொன்னாராம். மாமா இருக்கிறார், அவர் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஐயா இவ்வளவு உறுதியாகச் சொல்வதால் நேரில் பார்த்திருப்பார் என்று அம்மா நினைக்கிறார். பெயர் போட்டு எழுதிக் கொடுத்தால் அடுத்த பதிப்பில் பூவரசு என்று திருத்துகிறோம்.’

கடிதத்தையும் குடையையும் நானே அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாசலிலேயே வாங்கிப் படித்தார். “பாக்கறேன்மா” என்றார். அவருடைய பார்க்கிறேன் பதின்மூன்று வருடம் நீடித்தது. நூலகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். அந்தப் பதிப்பகமும் மூடப்பட்டு, அடுத்த பதிப்பு என்ற பேச்சே இல்லாமல் போனது. எங்கள் பிரதியின் தவணைச் சீட்டு மட்டும் நிறைந்து, நான் புதுச் சீட்டு ஒட்டினேன். அதுவும் நிறைந்தது. அருளானந்தம் சார் ஓய்வு பெற்றார். பிறகு நானும் பெற்றேன்.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் ஷாஹிதா கூப்பிட்டாள். “மேடம், ஒரு பெரியவர் வந்து உக்காந்திருக்காரு. உங்ககிட்டதான் பேசுவேங்கறாரு.”

போனேன். சேதுராமன் சார். எண்பது நெருங்கிவிட்டது. என்னைப் பார்க்காமல் எனக்குப் பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்து, “வாம்மா” என்றார். கண்ணில் நடுப்பார்வை போய்விட்டதாம். ஓரம் மட்டும் தெரியுமாம். எதையாவது பார்க்க வேண்டுமானால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும்.

“படிக்க முடியல. பையன் கனடாவுலேருந்து இந்த போனை அனுப்பினான். இதுலயே எல்லாம் படிக்கலாம்னு சொல்றான். எனக்கு போனே தெரியல.”

ஷாஹிதாவும் நானும் மூன்று நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தோம். முதலில் எழுத்தைப் பெரிதாக்கினோம். அது போதவில்லை. திரையில் உள்ளதைத் தமிழிலேயே வாசித்துக் காட்டும் வசதியைப் போனின் அமைப்புகளில் போய் இயக்கினோம். அதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். வாயால் சொல்லித் தேடுவதைக் காட்டினோம். தமிழிலேயே கேட்கலாம், இங்கிலீஷில் தட்டுத் தடுமாற வேண்டாம். அரசு மின்னூலகத்தில் ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள் நிறைய உண்டு. ஆனால் ஸ்கேன் படம் மட்டும்தான் என்றால் போன் அதை வாசிக்காது. எழுத்தாகத் தட்டச்சு செய்ததாக இருக்க வேண்டும். அதைத் தன்னார்வலர்கள் பல வருடமாகச் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள், எழுதியவர்களே மனமுவந்து கொடுத்த புதுப் புத்தகங்களும் அங்கே இருக்கின்றன. பார்வை இல்லாதவர்களுக்காக மனிதக் குரலில் வாசித்து வைத்தவை தனி. வாட்ஸாப்பில் சுற்றி வரும் புத்தகக் கோப்புகளை மட்டும் தொட வேண்டாம் என்றேன். பாதி திருட்டு, மீதி பாதியில் நின்றுவிடும். ஷாஹிதா ஒட்டியிருக்கும் பக்கத்தில் உள்ளதும் இவ்வளவுதான்.

முதல் நாள் ராஜா கதை கேட்டார். போனில் உள்ள பெண் குரல் போர்க்களத்தையும் காதலையும் மின்கட்டண அறிவிப்பு போலவே படித்தது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

மூன்றாம் நாள் தூணைப் பார்த்தபடி, “அந்த அஞ்சலை புத்தகம் இதுல இருக்கா?” என்றார்.

இருந்தது. பதிப்பகம் மூடியபின் செல்வி அதை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று இணையத்தில் கொடுத்திருந்தார். வாய்க்கால் பெயர் திருத்தியிருந்தது. கோயிலுக்கு இரண்டு வாசல் வந்திருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கம் வந்ததும் குரல் ‘புளிய மரம்’ என்று வாசித்தது.

“இன்னும் மாத்தல.”

“நீங்க எழுதிக் குடுக்கல சார்.”

ஷாஹிதா போனின் குரலை நிறுத்தினாள்.

“இப்ப எப்படிக் குடுக்கறது? கையெழுத்து போட எனக்குக் கண்ணு தெரியாதே.”

“சொல்லுங்க, நான் அடிச்சு மெயில்ல அனுப்பறேன். கடைசிப் பக்கத்துல அவங்க முகவரி இருக்கு” என்றேன்.

தன் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் சொன்னார். மரம் பூவரசு என்றார். கயிறு கொண்டுவந்தது நான் என்றார். வேறு எதுவும் சேர்க்கவில்லை. வருத்தம் என்றோ மன்னிப்பு என்றோ ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை.

அனுப்பும் முன் ஒன்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. “சார், இது ஒரு ஊரு நூலகத்துல இருக்கற புத்தகம் இல்ல. உலகத்துல யார் வேணா படிக்கலாம். கனடாவுல உங்க பையன்கூட.”

“அவனுக்குத் தமிழ் பேச வரும். படிக்க வராது.”

“இந்த போன் அவருக்கும் படிச்சுக் காட்டும் சார்.”

இதை அவர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. போனை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெளியே முத்துப்பேட்டைப் பேருந்து வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

“காட்டட்டும்” என்றார்.

அனுப்பினேன். இரண்டாம் நாள் செல்வி எனக்குப் பதில் போட்டார். திருத்திவிடுகிறோம், அம்மா ஐயாவிடம் பேச வேண்டும் என்கிறார், முடியுமா? சேதுராமன் சாரைக் கேட்டேன். பேசட்டும் என்றார். நூலகத்துக்கே வந்தார். காது மந்தம் என்பதால் ஷாஹிதா ஸ்பீக்கரில் போட்டாள். பேப்பர் படித்தவர்கள் போய்விட்ட நேரம்.

“ஐயா, நான் அஞ்சலை பேசறேன்.”

“சொல்லும்மா.”

“நீங்க எழுதினதை செல்வி படிச்சுக் காட்டிச்சு. அது சரி. நான் கேக்கறது வேற. அப்பா அன்னிக்கு நடந்ததை ஒரே ஒரு தடவைதான் சொன்னாரு. மரத்தோட நிறுத்திட்டாரு. அங்க அவரு என்ன பேசினாருன்னு எனக்குத் தெரியாது. சொல்ல ஆளும் இல்ல. நீங்க பக்கத்துல இருந்தவரு. அப்பா என்ன பேசினாருங்க?”

அவர் மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

“பையன் பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரமாச்சு, அதுக்குள்ள அவுத்து விட்டுடுங்கன்னாரு. அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு.”

“அவுத்து விட்டாங்களா?”

“இல்ல.”

“அண்ணன் பாத்துச்சா?”

“பாத்துச்சும்மா. பையை மாட்டிக்கிட்டு வந்து நின்னுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு.”

ஷாஹிதா என்னைப் பார்த்தாள். தொடர்பு விட்டுப் போயிற்றோ என்று நான் குனிந்து திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

“அதான் பள்ளிக்கூடம் போகலையா” என்றார் அஞ்சலை. எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

சேதுராமன் சார் போனை எப்படி வைப்பது என்று தெரியாமல் என் பக்கமாக, அதாவது தூணின் பக்கமாக, நீட்டினார். நான் வாங்கினேன். அஞ்சலையும் தன் போனை வைக்கவில்லை. நடந்து போகிற சத்தம், ஏதோ ஒரு கதவு, பிறகு கொஞ்சம் தள்ளி, “அண்ணே, தூங்குறியா? எந்திரி, ஒண்ணு கேக்கணும்” என்று அவர் குரல்.

மேலே கேட்பது முறையில்லை என்று வைத்துவிட்டேன்.